ஃப்ரிட்ஜ் மேல் ஃபாரம்

மே 9
மகனின் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், 22. கையெழுத்து போட வேண்டிய ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

மே 10
ரயில் பாய்ல்ஸ்டன் ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நின்றது. என் ஆள் பெயரில்லை அது, அதே குடும்பத்தில் பின்னால் வந்த ஒருவருடையது. என் ஆள் டாக்டர் ஸாப்டியல் பாய்ல்ஸ்டன். 1721-ல் பாஸ்டன் முழுக்கப் பெரியம்மை. லேசாக வந்துபோனால் பிறகு வராது என்று, ஜூன் 26 அன்று சொந்த மகன் தாமஸின் தோலைக் கீறி அம்மைச் சீழை வைத்தார். பையனுக்கு ஆறு வயது.

ஆறு வயது.

மே 12
எழுதப் பிடிக்கவில்லை.

மே 13
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அந்த முறை ஊரில் அம்மை கண்டவர்கள் 5,800-க்கு மேல், செத்தவர்கள் 844. ஏழில் ஒருவர். பாய்ல்ஸ்டன் கீறியது 240 பேருக்கு மேல், போனது ஆறு பேர். நாற்பதில் ஒன்று. நம் டாக்டர் சொன்ன எண் இதைவிட எத்தனையோ மடங்கு சின்னது. அந்த ஆறு பேர்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

மே 14
சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் டைனோசர் வரைந்துவிட்டான். நான் திட்டவில்லை. "இப்பவே இவ்ளோ செல்லமாங்க?" என்றாள். பிறகு அவளும் திட்டவில்லை.

மே 16
பாய்ல்ஸ்டனைத் தூண்டியவர் பாதிரியார் காட்டன் மேதர். அவருக்கே இதைச் சொன்னது ஒனேசிமஸ், 1706-ல் சபையார் பரிசாக வாங்கிக்கொடுத்த அடிமை. உனக்கு அம்மை வந்திருக்கிறதா என்று மேதர் கேட்டாராம். ஆமாம், இல்லை, இரண்டும் என்றானாம். கையில் இப்படிக் கீறிவைத்த தழும்பைக் காட்டினானாம். ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன மேதர், சொந்த மகன் சாமுவேல் விஷயத்தில் தவித்துப்போனார். கடைசியில் ரகசியமாகத்தான் போட்டார்கள். பையனுக்குக் கடுமையான காய்ச்சல். நவம்பரில் இதை எதிர்த்த யாரோ மேதர் வீட்டு ஜன்னல் வழியாக எறிந்த வெடிகுண்டு வேறு. நல்லவேளை, வெடிக்கவில்லை. அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது, அமெரிக்காவின் சேலம் ஊரில் பலரைச் சூனியக்காரர்கள் என்று தண்டித்த வழக்குகளுக்கு வக்காலத்து வாங்கியவர். ஆனால் இந்த வாரம் திட்ட மனசு வரவில்லை.

மே 18
தாமஸோடு அன்றைக்கே இன்னும் இரண்டு பேரைக் கீறினார். ஜாக், ஜாக்கி. வீட்டு அடிமைகள். ஜாக்கிக்கு இரண்டரை வயது. மூவரும் பிழைத்தார்கள், சரி. ஜாக்கிக்காக யாரிடம் போய்க் கேட்டார்?

மே 19
"வலிக்குமாப்பா?"
ஆமாம், இல்லை, இரண்டும் என்றேன்.
"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

மே 20
ஜாக்கி.

மே 21
ஃப்ரிட்ஜ் மேல் ஃபாரத்தைக் காணோம். அவளே கையெழுத்து போட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாதாம். மணி 11.40. எழுப்பி ஒரு வாய் கொடுக்கலாமா