கொம்பு எங்கே டீச்சர்?

தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு பையன், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான், மனக்கணக்கில் கெட்டி, ஆனால் வாசிக்க எழுப்பினால் மட்டும் வயிறு வலிக்கிறது என்பான். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தான். ஜூலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் டிக்டேஷனில் அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 'கொக்கு' என்றதும் க எழுதினான், கால் போட்டான், அப்புறம் ஒற்றைக்கொம்புக்கு இடமில்லாமல் பென்சிலோடு நின்றுவிட்டான். காதில் முதலில் விழுவது க், கையில் முதலில் வரவேண்டியது கொம்பு. நமக்குப் பழகிப்போன விஷயம், அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. ன, ண குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இவன் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருந்தான்.

சோதித்துப் பார்க்கலாம் என்று அவன் அம்மாவிடம் சொன்னபோது, "மூளை சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துருவாங்களா டீச்சர்?" என்று அழுதுவிட்டார். கண், காது பரிசோதனை முதலில், பிறகு அரசு மருத்துவமனையில் உளவியலாளரிடம் அறிவுத்திறன் சோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். நான்கு தடவை அலைந்தார், நான்கு நாள் கூலி போயிற்று. பழைய நோட்டுகளைக் கொடுத்தனுப்பியது நல்லதாகப் போயிற்று, அவற்றையும் கேட்டார்கள். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு என்று வந்தது, அறிவுத்திறனில் ஒரு குறையும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் இருக்கிறது என்று விளக்கியபிறகுதான் அந்த அம்மா மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குச் சம்மதித்தார்.

வகுப்பில் நான் முதலில் நிறுத்தியது, வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வதை. அவனுடைய பகுதியை முதல்நாளே சொல்லிவிடுவேன், வீட்டில் அக்காவோடு பார்த்துவிட்டு வருவான். வரி தாவாமலிருக்க அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். கொம்பு, கால், உயிர்மெய் எல்லாவற்றையும் தனித்தனி அட்டையாக்கி, வாயால் சொல்லிக்கொண்டே தட்டில் பரப்பிய மணலில் எழுத வைத்தேன், தினம் பதினைந்து நிமிடம், அதற்குமேல் போனால் சோர்ந்துவிடுவான். அறிவியலுக்கு வாய்மொழியாகக் கேள்வி கேட்டேன், முக்கால்வாசிக்குச் சரியாகப் பதில் சொன்னான். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவதையும் விட்டேன்.

இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. அங்குள்ள வகுப்பாசிரியரிடம் அட்டைகளையும் சான்றிதழ் நகலையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினான்கு வயதில் மறுபடி சோதித்துச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க அது தேவை. அந்த வருடத்தைக் கோப்பின் மேலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், அவன் அம்மாவின் போனிலும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.