டாரிஃப் ஹெட்டிங்கிலிருந்து அரசியலமைப்பு வரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் உறுப்பு நாடுகளின் அரசியலமைப்புக்கும் மேலானது என்ற கோட்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இறையாண்மை, கூட்டாட்சி என்று உயரத்துக்குப் போய்விடுவார்கள். நான் சென்னை ராஜாஜி சாலையில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி போட்டுப் பிழைக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர். அந்தத் தீர்ப்புகளைப் படிக்க உட்கார்ந்தபோது, முக்கியமானவற்றில் பாதிக்கு மேல் எங்கள் தொழில் வழக்குகளாக இருந்தன.

1960இல் வான் கெண்ட் அன் லோஸ் என்ற டச்சு நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு இறக்கியது. இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தம் அமலுக்கு வந்த 1958இல் அதற்கு டூட்டி (சுங்க வரி) 3 சதவீதம். பிறகு வகைப்பாடு மாறி 8 சதவீதமானது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் டூட்டியை ஏற்றக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு. மணலிக்குப் போகும் ரசாயன டிரம்முக்கு ஹெட்டிங், அதாவது டூட்டிப் பட்டியலில் அதற்குரிய தலைப்பு, மாறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆபீஸ் பையனுக்கும் தெரியும். டச்சு அரசு சொன்ன பதிலும் எங்களுக்குப் பழக்கமானதுதான்: ஒப்பந்தம் அரசுகளுக்கு இடையில் உள்ளது, வியாபாரி அதைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. 1963 பிப்ரவரி 5 அன்று லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், வரலாம் என்றது. எனக்கு அந்த ஒரு வார்த்தை மிகப் பெரியது.

அடுத்த ஆண்டு, மின்துறையை அரசுடைமையாக்கிய இத்தாலியச் சட்டத்தை எதிர்த்து 1,925 லீரா மின்கட்டணம் கட்ட மறுத்த மிலான் வக்கீல் கோஸ்டாவின் வழக்கு. ஒப்பந்தத்துக்குப் பின்னால் இயற்றிய இத்தாலியச் சட்டமே செல்லும் என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் மார்ச்சில் சொன்னதை லக்ஸம்பர்க் ஜூலையில் மறுத்தது. ஒன்றிய சட்டமே மேல் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதிகள் தாங்களே வந்தடைந்த முடிவு அது. 2004இல் எழுதிய ஐரோப்பிய அரசியலமைப்பில் அதை ஒரு விதியாகவே வைத்தார்கள். பிரான்ஸும் நெதர்லாந்தும் 2005 வாக்கெடுப்பில் அந்த அரசியலமைப்பையே நிராகரித்துவிட்டன. அந்தக் கோட்பாடு இன்று, அதற்குப் பதிலாக வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த 17ஆம் அறிவிப்பாக ஓரத்தில் இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு மக்காச்சோள மாவு வழக்கு. ஜெர்மன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று டெபாசிட் கட்டி லைசென்ஸ் எடுத்தது. 1967 முடிவதற்குள் முழுச் சரக்கையும் அனுப்ப முடியவில்லை; டெபாசிட்டில் ஒரு பகுதி போனது. டூட்டி இல்லாமல் மூலப்பொருள் இறக்க உதவும் அட்வான்ஸ் லைசென்ஸில், பதிலுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டிய எக்ஸ்போர்ட் ஆப்ளிகேஷன் முடியாமல் பேங்க் கியாரண்டியைப் பறிகொடுத்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இது எங்கள் அடிப்படை உரிமைக்கு விரோதம் என்று அந்த நிறுவனம் ஜெர்மன் அரசியலமைப்பைக் காட்டியது. 1970இல் லக்ஸம்பர்க், எந்த நாட்டின் அரசியலமைப்பை வைத்தும் எங்கள் சட்டத்தை அளக்க முடியாது என்றது. கார்ல்ஸ்ரூவேயில் உள்ள ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1974இல் பதில் சொன்னது: உங்களிடம் உரிமைகளுக்கு ஈடான பாதுகாப்பு வராத வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். நிறுவனத்துக்குப் பணம் திரும்பவில்லை. ஆனால் அந்த "வரைக்கும்" லக்ஸம்பர்க்கை அடிப்படை உரிமைகளின் பக்கம் தள்ளியது. 1986இல் கார்ல்ஸ்ரூவே, இப்போது பாதுகாப்பு போதும், அது நீடிக்கும்வரை நாங்கள் சோதிக்க மாட்டோம் என்று தளர்ந்தது. யார் மேல் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒப்புக்கொள்ளாமல் இருந்ததால்தான் தனிமனிதனுக்கு இரண்டு பக்கமும் காவல் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றிய ஒப்பந்தங்களின் சில பிரிவுகள் தங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2021 அக்டோபரில் போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் சொன்னதையும் கார்ல்ஸ்ரூவே சொன்னதையும் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கார்ல்ஸ்ரூவேக்குப் போனது ஒரு வியாபாரியின் வழக்கு. வார்சாவில் கேள்வி கேட்டு மனுப் போட்டவர் பிரதமர். நீதிபதி நியமனங்களில் அரசு செய்த மாற்றங்களை வெளியிலிருந்து யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக. அரசியலமைப்பின் பெயரைச் சொல்லும்போது அது குடிமகனைக் காக்கிறதா, அரசைக் காக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாதமே, நீதித்துறையில் செய்த மாற்றங்கள் பற்றிய வழக்கில், போலந்துக்கு லக்ஸம்பர்க் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது, அது நியாயம்தான்.

மண்ணடியில் எனக்கு நெடுநாள் கிளையன்ட் ஒருவர் இருக்கிறார். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு நாம் போட்ட ஆசியான் ஒப்பந்தத்தின் டூட்டிச் சலுகையில் மலேசியாவிலிருந்து சரக்கு இறக்கினார். இப்போது மதிப்பீடு முகமறியா முறையில் நடக்கிறது. எங்கோ வேறு ஊரில் இருக்கும் அதிகாரி, சரக்கு மலேசியாவில் உருவானதுதானா என்று பார்க்க, விற்றவரின் அடக்கவிலைக் கணக்கைக் கேட்டார். விற்றவர் தன் கணக்கை எப்படிக் கொடுப்பார்? சலுகை மறுக்கப்பட்டது.

"சர்டிபிகேட் கொடுத்தது அந்த ஊர் கவர்மென்ட் சார். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நம்ம கவர்மென்ட். நடுவுல நான் ஏன் சாகணும்?" என்றார்.

"பாய், ஒப்பந்தத்த வெச்சு இங்க எதுவும் கேக்க முடியாது. நோட்டிபிகேஷன்ல இருக்கிறதுதான் நமக்குச் சட்டம்."

நம் நாட்டு நிலை இதுதான். வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஒப்பந்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. 2023 அக்டோபரில் நெஸ்லே வரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் சொன்ன சலுகைகூட அறிவிக்கை வந்தால்தான் செல்லும் என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த சபையைத் தாண்டி டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து சட்டமாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அரசு தானே கொடுத்த வாக்கை அதன் குடிமகன் எடுத்துக்காட்டக்கூட முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு சின்ன வழி இருக்கிறது. ஆரிஜின், அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பது, பற்றி 2020இல் நம் அரசே கொண்டுவந்த விதிகளில், இவற்றுக்கும் ஒப்பந்தத்தின் ஆரிஜின் விதிகளுக்கும் முரண் வந்தால் ஒப்பந்தத்தின் விதியே மேலோங்கும் என்று எழுதியிருக்கிறது. நாமே நம் கையால் கொடுத்த முதன்மை. பாய் டூட்டியை 'அண்டர் ப்ரொடெஸ்ட்' (ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்) என்று எழுதிக் கட்டிச் சரக்கை எடுத்தார். அப்பீலில் அந்த விதியைத்தான் முதல் காரணமாக வைத்திருக்கிறோம்.