ஏஜென்ட் அனுமதித் தேர்வு: செய்முறைத் தாள் எழுதப்போகிறவர்களுக்கு

எங்கள் நிறுவனத்தின் உள்தகுதித் தேர்வில், ஏஐ ஏஜென்ட் (தானே கோப்புகளைத் திருத்திக் கட்டளைகளை ஓட்டும் ஏஐ நிரல்) எந்தக் கட்டளைகளை ஓட்டலாம் என்று அனுமதி வகுக்கும் செய்முறைத் தாளின் முடிவு வந்துவிட்டது. தேறியதால் நிம்மதி, என்னைவிட நன்றாக லினக்ஸ் தெரிந்த சிலர் தேறாததில் கசப்பும் உண்டு. தாளின் அமைப்பும், கருவி கிளாட் கோட் (ஆந்த்ரோபிக்கின் நிரலெழுதும் ஏஜென்ட்) என்பதும் அடுத்த சுற்றுக்குப் பதிந்தவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

லினக்ஸ் தெரிந்தவர்களைக் கவிழ்த்தது சூடோ (பிறருக்கு நிர்வாகி உரிமையுடன் கட்டளை ஓட்ட அனுமதி தரும் லினக்ஸ் கருவி) பழக்கம். அதன் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பில், ஒரு கட்டளைக்குப் பொருந்தும் வரிகளுள் கடைசி வரியே செல்லும். எனவே மேலே எல்லாவற்றையும் மறுத்துவிட்டுக் கீழே வேண்டியதை மட்டும் திறந்துவிடும் வழக்கம் அவர்களுக்குக் கைவந்தது. கிளாட் கோடில் விதிகள் எந்த வரிசையில் இருந்தாலும் முதலில் மறுப்பு, அடுத்து கேட்டுச் செய்தல், பிறகே அனுமதி என்றுதான் பார்க்கப்படும். பாஷ், அதாவது கட்டளைகளை ஓட்டும் கருவி, முழுவதையும் மறுத்துவிட்டுக் கீழே நான்கு கட்டளைகளை அனுமதித்தால், அந்த நான்கும் ஓடாது.

ஆனால் தாளின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டத்தில் ஏஜென்ட் நிரலைத் திருத்தலாம், சோதனைகளை ஓட்டலாம், வேறெதையும் ஓட்டக்கூடாது என்ற வகையில் ஒரு வினா நிச்சயம் வரும். சோதனைகளை ஓட்டும் என்பிஎம் டெஸ்ட் கட்டளைக்கு அனுமதி, திருத்துவதற்கு அனுமதி என இரண்டு வரிகளை எழுதிவிட்டுப் பலரும் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கட்டளை ஓட்டுவது திட்டத்தின் அமைப்புகள் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் டெஸ்ட் என்ற பெயருக்கு நேரே எழுதியிருப்பதைத்தான். அந்தக் கோப்பையும் ஏஜென்டே திருத்தலாம் என்றால், எந்தக் கட்டளையையும் அங்கே எழுதிச் சோதனை என்ற பெயரில் ஓட்டிவிடலாம். மேக் கட்டளை ஓட்டும் வரிகளைக் கொண்ட மேக்ஃபைலுக்கும், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுகளான கிட் ஹூக்குகளுக்கும் இதே கதைதான். பயனரே திருத்தக்கூடிய ஸ்கிரிப்டுக்கு சூடோ கொடுக்காதே என்று நிர்வாகிகள் காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

பேக்கேஜ் ஜேசனைத் திருத்த மறுப்பு போட்டாலும் பிரச்சினை முடிவதில்லை, ஏனெனில் சோதனைக் கோப்புகளும் நிரல்தான். எனவே விதிகளால் மட்டும் இந்த வினாவைத் தீர்க்க முடியாது என்று எழுதி, சாண்ட்பாக்ஸை (ஓடும் நிரலை அடைத்துவைக்கும் வேலியை) இயக்கி, எழுதும் இடத்தைத் திட்டக் கோப்புறைக்குள்ளும் வலையமைப்பைத் தேவையான டொமைன்களுக்குள்ளும் அடைக்கும் விடையே முழு விடை. லினக்ஸில் இதைச் செய்வது பபுள்ரேப் என்ற கருவி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஃபைண்ட் தேடும் கட்டளை மட்டுமன்று; டெலீட் (அழிப்பது), எக்ஸெக் (வேறு கட்டளையை ஓட்டுவது) ஆகியவை அதன் உள்ளேயே இருக்கின்றன. அதற்குப் பொது அனுமதி தராதீர்கள்.
- கிட் ஸ்டேட்டஸ், கிட் டிஃப் எனத் தனித்தனியாக எழுதுங்கள். கிட் முழுவதற்கும் நட்சத்திரக் குறி போட்டால் மாற்றங்களைச் சேவையகத்துக்கு அனுப்பும் புஷ்ஷும் சேர்ந்தே திறந்துவிடும்.
- கட்டளைக்கு முன் கிளாட் கோட் ஓட்டும் ஹூக் (நாம் எழுதும் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட்) வெளியேறும் குறியீட்டால் தடுக்க வேண்டுமானால் அது 2 ஆக இருக்க வேண்டும். 1 என்று திருப்பினால் பிழை பதிவாகுமே தவிர, கட்டளை தடைபடாது.
- கடவுச்சொற்கள் இருக்கும் என்வ் கோப்பைப் படிக்க மறுப்பு விதி போட்டாலும், ஏஜென்ட் ஓட்டும் பைத்தான் ஸ்கிரிப்ட் அதைத் திறப்பதை, சாண்ட்பாக்ஸ் இல்லாமல், அந்த விதி மட்டும் தடுக்காது.

ஏஜென்டுக்கான அறிவுறுத்தல்களை எழுதும் கிளாட் எம்டி கோப்பில் “உற்பத்தித் தரவுத்தளத்தைத் தொடாதே” (அதாவது நேரடிப் பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தை) என்று எழுதுவதைக் கட்டுப்பாடாகக் காட்டாதீர்கள். அது வேண்டுகோள் மட்டுமே. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரலாக்கத் தளத்தின் ஏஜென்ட் ஒரு பயனரின் உற்பத்தித் தரவுத்தளத்தை அழித்தபோது, மாற்றம் எதுவும் செய்யாதே என்ற அறிவுறுத்தல் அதனிடம் இருக்கத்தான் செய்தது.

எல்லாவற்றையும் கேட்டுச் செய்தல் பட்டியலில் போட்டுவிடுவது பாதுகாப்பான விடையாகத் தோன்றும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஓயாமல் கேட்கும் பெட்டியில் மனிதர்கள் படிக்காமலே சரி என்று அழுத்தத் தொடங்கிவிடுவார்கள். புஷ், டிப்ளாய் (பயன்பாட்டுக்கு வெளியிடுதல்) போன்ற திரும்பப் பெற முடியாதவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வேலை செய்கிறவர்கள் மாறுபடலாம். நான் மெதுவாகச் செய்கிற ஆள், விசைப்பலகையைத் தொடுமுன் மறுப்புப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்வேன்.

இந்தத் தேர்வின் நேர்முகத்தில் கேட்கும் கடைசிக் கேள்வி: உங்கள் விதிகளை ஏஜென்டோ பயனரோ மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்? திட்டக் கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்பைச் சொன்னால் பாதி மதிப்பெண்தான். லினக்ஸில் கணினியின் அமைப்புகள் இருக்கும் இடிசி கோப்புறையின் கீழ், ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) மட்டுமே எழுதக்கூடிய நிர்வாக அமைப்புக் கோப்பைச் சொல்லுங்கள். பயனர் மட்டத்திலோ திட்ட மட்டத்திலோ உள்ள எந்த அமைப்பும் அதை மீற முடியாது.