காதால் பார்த்த தில்லானா

மார்ச் 4
அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தாயிற்று. விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். எழுந்து சாப்பிட்டாலும் தரையைப் பார்த்தபடிதான். ராத்திரி, "தில்லானா மோகனாம்பாள் போடுடி, காதால கேட்டுக்கறேன்" என்றாள்.

மார்ச் 5
சொட்டு மருந்து. சொட்டு மருந்து. கஞ்சி. சொட்டு மருந்து.

மார்ச் 6
ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வாயைத் திறந்ததுமே அம்மா குலுங்கிச் சிரித்தாள். ஆடக் கூடாதும்மா என்று அதட்டினேன். தலையணைக்குள்ளிருந்து இன்னும் சிரிப்பு.

முகம் இல்லாமல் கேட்டால் யார் ஜெயிக்கிறார்கள்? அம்மாவின் தீர்ப்பு, மோகனாவின் அம்மாவாக வரும் சி.கே. சரஸ்வதி. மகளிடம் பேசும்போது தேள்கொடுக்கு. பணக்காரன் வந்தால் அதே தொண்டையில் தேன். அப்புறம் நாகேஷ். வைத்தி பொய் சொல்லப் போகிறான் என்பது அவன் இழுக்கும் இழுப்பிலேயே தெரிந்துவிடுகிறதாம். சரிதான்.

அண்ணன் போனில், "அந்த ஓவர் ஆக்டிங் படமா?" என்றான். பதில் சொல்லவில்லை. வந்து ஒரு ராத்திரி மருந்து விட்டுவிட்டு சிவாஜியைப் பற்றிப் பேசட்டும்.

மார்ச் 7
கறுப்புப் படுதா மாதிரி இறங்கியதே, அது விலகுமா என்று அம்மா கேட்கிறாள். டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். எதை வைத்துப் பார்ப்பது?

மார்ச் 9
இன்று 'நலந்தானா'. கத்திக் காயம் பட்டுத் தேறி வந்த நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தை, அதாவது சிவாஜியை, தனியாக விசாரிக்க வழியில்லாமல், சபை நடுவே ஆடிக்கொண்டே கேட்கிறாள் மோகனாவாக வரும் பத்மினி. சுசீலா குரல் அம்மாவுக்குப் போதும். ஆனால் நடுவில் நாதஸ்வரம் மட்டும் வரும்போது, "இப்ப என்ன பண்றார்?" என்கிறாள்.

எப்படிச் சொல்வது? வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மூச்சு அவர்களுடையது. உப்பும் கன்னமும், புடைக்கும் கழுத்து நரம்பும், நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியிலிருந்து வாயை எடுக்கும் நொடியில் வருகிற அந்தத் திமிரும் சிவாஜியுடையது. இந்தப் பாட்டில் மட்டும் அந்தத் திமிர் இல்லை. கண்ணாலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"பாலையா?"

தவிலோடு உட்கார்ந்து இருவரையும் பார்க்கிறார். அவ்வளவுதான் செய்கிறார். ஆனால் அந்தக் காதலை நாம் நம்புவது அந்தக் கிழவர் பார்ப்பதால்தான். வசனம் பேசுவதை எல்லோரும் நடிப்பு என்கிறோம். அடுத்தவர் வாசிப்பதைக் கேட்பதும் நடிப்புதான். இந்த 1968 படத்தில் ரயில் பெட்டிக் காட்சியும் இதே கதை, கண்கள்தான் பேசுகின்றன. ஒரு பெட்டிக்குள் இத்தனை பெரிய கைகளை உட்கார வைத்து யாரையும் வீணாக்காத ஏ.பி. நாகராஜனைச் சொல்ல வேண்டும்.

சொல்லி முடித்ததும் அம்மா, "கொத்தமங்கலம் சுப்பு எழுதி விகடன்ல வந்தப்பவே கோபுலு இதெல்லாம் வரைஞ்சுட்டாரு" என்றாள். பத்மினியை விட்டுக்கொடுக்க மாட்டாள், கோபுலுவையும் விட மாட்டாள்.

மார்ச் 10
ஒன்றுமில்லை. கழுத்து வலி, அவளுக்கும் எனக்கும்.

மார்ச் 11
அடுத்து முள்ளும் மலரும் வேண்டுமாம். மகேந்திரன் படத்தில் பேச்சே குறைவு, நான்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்க வேண்டும் என்றேன். "ஷோபா முகத்தை நீ எப்படிச் சொல்றேன்னு பார்க்கறேன்" என்றாள்.

போட்டுவிட்டேன். பாதியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக்கு எட்டு மணிக்கே வரச் சொல்கிறார்கள்.