கலந்தாய்வு நாட்கள்

மே 21

பொது மாறுதலுக்குக் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டதாக உடன் வேலை பார்க்கும் ஆசிரியை போனில் சொன்னார். "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றார். பேரையூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. மதுரையிலிருந்து திருமங்கலம், அங்கிருந்து பேரையூர், அப்புறம் டவுன் பஸ். விலக்கில் இறங்கினால் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு என் ஸ்கூட்டி. ஆறு வருடமாக வந்தார். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டு ஐந்தரைக்குக் கிளம்புகிறவரை எந்த வாயால் இருக்கச் சொல்வேன்?

மே 27

காலியிடங்களைத் திரையில் காட்டி, வரிசைப்படி பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மாறுதல் கலந்தாய்வுக்குத் துணையாகப் போனேன். நகரை ஒட்டிய பள்ளிகளும் நாலுவழிச் சாலையோரத்துப் பள்ளிகளும் திரையிலிருந்து முதலில் மறைந்தன. எத்தனை பிள்ளைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" அதுதான் எல்லார் வாயிலும். நகரத்தில் வீட்டு வாடகைப்படியும் கூடுதல். அருகில் இருப்பவருக்கே அதிகம் கிடைக்கிறது. இவருக்குத் திருமங்கலம் பக்கம் கிடைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மே 28

தூக்கம் வராமல் ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மலாவியிலும் இதே கதை. கடைத்தெருவும் கரண்டும் உள்ள ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் குவிகிறார்கள், உள்கிராமத்தில் ஒருவரிடம் நூறு பிள்ளைகளுக்கு மேல். காம்பியாவில் 2006-இல் ஒரு வழி செய்தார்கள். மெயின் ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் பள்ளிகளுக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் படி. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே கூடினார்கள். நம்மிடம் மலைமேல் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படி உண்டு. அடிவாரத்துக்கு ஒன்றுமில்லை. படி கொடுங்கள், இல்லையென்றால் ஊருக்குள் வரும் ஒரு காலை பஸ்ஸையாவது கொடுங்கள்.

ஜூன் 3

34 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட்டுவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்புப் பையன் சிலேட் முழுக்க 'அ'வைச் சுழி இல்லாமலே எழுதி வைத்திருந்தான். பிடித்து எழுத வைக்க மூன்று மணிக்குத்தான் கை ஒழிந்தது. அதற்குள் அவன் சிலேட் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தான்.

ஜூன் 11

வேறு பள்ளியிலிருந்து தற்காலிகமாக, மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புகிறார்களாம். இரவு அவரே கூப்பிட்டார். முதல் கேள்வி, "பஸ் எத்தனை மணிக்குங்க டீச்சர்?"

ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். "எட்டே முக்காலுக்கு விலக்குல இறங்குங்க. ஸ்கூட்டியோட நிக்கிறேன்."