சிஹிரோ இறங்கின படிக்கட்டு
நேத்து ராத்திரி பொண்ணோட உட்கார்ந்து 'ஸ்பிரிட்டட் அவே' (2001)ங்கிற ஜப்பானிய அனிமேஷன் படத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை கண்ணு முழுக்க திரைக்கதை மேலதான்.

கதாநாயகி சிஹிரோவுக்கு 10 வயசு. முதல் காட்சியில காரோட பின்சீட்ல உம்முன்னு படுத்துக்கிடப்பா. அப்பாவும் அம்மாவும் பன்றியா மாறினப்புறம், ஆவிகள் வந்து குளிக்கிற ஒரு குளியல் மாளிகையோட கொதிகலன் அறைக்குப் போற படிக்கட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியா இறங்குவா. ஒரு படி உடைஞ்சதும் தலைதெறிக்க ஓட்டம். அதே பொண்ணு பின்னாடி, சுவரோரமா அந்தரத்துல போற குழாய் மேல தானாவே ஓடுவா. 'வளர்ந்துட்டே'ன்னு யாரும் வசனம் பேசல. நம்மூரா இருந்தா இதுக்குள்ள ஒரு தாத்தா வந்து லெக்சர் கொடுத்திருப்பார்.

மந்திரத்துக்கும் ஒரே விதிதான்: பேரை மறந்தா வீடு திரும்ப முடியாது. குளியல் மாளிகையை நடத்துற சூனியக்காரி யுபாபா, வேலைக்கான ஒப்பந்தத் தாள்ல இருந்து சிஹிரோ பேரோட எழுத்துகளை அப்படியே கையில உருவி எடுப்பா. மிச்சம் ஒரே எழுத்து. ஜப்பானிய மொழியில அதைத் தனியா வாசிச்சா 'சென்'. இனி அவ பேரு அதுதான். கதையோட மொத்த ஆபத்தும் இந்த ஒரு கையசைப்புல வந்துடுது!

இதுல வேடிக்கை, முழு ஸ்கிரிப்ட் கையில இல்லாமலே, ஸ்டோரிபோர்டு (காட்சிகளோட படவரிசை) வரைஞ்சுக்கிட்டேதான் இயக்குநர் மியாசாகி படத்தை எடுத்தார்.

கடைசியில பன்றிக் கூட்டத்தைக் காட்டி, இதுல உன் அப்பா அம்மா யாருன்னு கேட்பாங்க. யாருமே இல்லைம்பா. எப்படித் தெரிஞ்சுதுன்னு படம் சொல்லாது. என் பொண்ணு கேட்டா. நானும் சொல்லல.