33 அடி முற்றம்: பக்ஸ்ரன் வீடொன்றைச் சிறு உருவில் கட்டிய அனுபவம்

ஒன்ராறியோவின் தென்மேற்கில், சற்றம் நகருக்குத் தெற்கே இருக்கும் வடக்கு பக்ஸ்ரன் என்ற சிற்றூருக்குக் கடந்த செப்ரெம்பரில் போய் வந்ததிலிருந்து, 1849இல் அங்கே தொடங்கிய எல்ஜின் குடியேற்றத்தின் வீடொன்றைச் சிறு உருவில் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இதற்கு முன் நான் கட்டியவை ஒரு ரயில் நிலையமும் இரண்டு தேவாலயங்களும் மட்டுமே. அவற்றுக்கான வரைபடங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. இந்த வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை என்றாலும், குடியேற்றத்தின் விதிகளே பாதி வரைபடத்தைத் தந்துவிட்டன.

அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்து தப்பி வந்தவர்களும், சுதந்திரமாகப் பிறந்தும் அங்கே நிம்மதியாக வாழ முடியாதவர்களும் சொந்த நிலத்தில் ஊன்றி நிற்பதற்காக ஏறத்தாழ 9,000 ஏக்கரில் அமைந்த ஊர் இது. தொடங்கியவர் வில்லியம் கிங் என்ற பிரெஸ்பிற்றீரியன் போதகர்; லூசியானாவில் சட்டப்படி தம் உடைமையாகக் கணக்கிடப்பட்டிருந்த 15 பேரை விடுவித்துத் தம்முடனேயே அழைத்து வந்தவர். நிலம் இலவசமாகக் கொடுக்கப்படவில்லை. குடும்பத்துக்கு 50 ஏக்கர், ஏக்கர் ஒன்றுக்கு இரண்டரை டொலர், பத்து ஆண்டுத் தவணை, அதற்கு வட்டியும் உண்டு. வீடு குறைந்தது 24 அடி நீளம், 18 அடி அகலம், 12 அடி உயரம் இருக்க வேண்டும்; உள்ளே நான்கு அறைகள் வேண்டும்; சாலையிலிருந்து 33 அடி தள்ளி நிற்க வேண்டும்; முன்னால் மரவேலியும் பூந்தோட்டமும் வேண்டும். விரும்பியவர் இதைவிடப் பெரிதாகக் கட்டலாம், சிறிதாகக் கட்டக்கூடாது.

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். அதன்படி வீடு 12 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் பெறும்; அறை ஒன்று ஏறத்தாழ ஆறுக்கு நாலரை அங்குலம். என் பழைய அடிப்பலகையிலேயே வீடு அடங்கிவிடும் என்று மகிழ்ந்திருந்தேன். பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் முற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது உறைத்தது. 33 அடி என்றால் பலகையில் பதினாறரை அங்குலம்; அதாவது வீட்டின் அகலத்தைவிட முற்றத்தின் ஆழம் கிட்டத்தட்ட இரு மடங்கு. நில அளவையாளரின் சங்கிலி 66 அடி என்பதால் 33 அடி அதில் சரிபாதி; காட்டுக்குள் நின்று அளப்பதற்கு இலகுவான தூரம். ஆசை மிகுதியால் 50 ஏக்கரையும் இதே அளவில் கணக்கிட்டேன்: ஏறத்தாழ 3,780 சதுர அடி வந்தது. என் வீட்டுத் தரை முழுவதும் விரித்தாலும் அந்தக் காணியில் பாதிகூடத் தேறாது. ஆகவே காணியைக் கைவிட்டு, முற்றத்துக்காக 30 அங்குல அகலத்தில் புதுப்பலகை வாங்கினேன்.

சுவர் வேலையில் நானே எனக்குக் குழி வெட்டிக்கொண்டேன். கடைக்குச்சிகள் உருண்டு திரண்டு ஒரே மாதிரி இருப்பதால் அந்த வீடுகளின் சுவரில் அடுக்கிய மரத்தண்டு போலத் தோன்றாது என்று எண்ணி, பின்வளவு மேப்பிள் மரத்தில் கழித்த சிறு கிளைகளைப் பட்டையுரித்து, இரு பக்கமும் சீவித் தட்டையாக்கி, முனைகளில் வெட்டுவாய் எடுத்து, மூலைகளில் ஒன்றையொன்று கௌவும்படி அடுக்கினேன். பச்சைக் கிளைகள் என்பதை நினைக்கவில்லை. நிலவறையில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் மூன்று வாரம் இருந்த சுவர், கிளைகள் சுருங்கியதால் விரல்நகம் நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டது. வடக்குச் சுவரின் மேல்வரிசை முறுக்கிக்கொண்டு எழும்பியும் நின்றது. மேல்வரிசையை மட்டும் மாற்றினேன். மற்ற இடைவெளிகளைக் களிமண்ணும் சுண்ணாம்புப் பொடியும் குழைத்துப் பல்குத்தும் குச்சியால் அடைத்தேன். நின்ற மரத்தை வெட்டி உடனேயே வீடு கட்டியவர்களுக்கும் இதே வேலை ஆண்டுதோறும் இருந்திருக்கும். என்னுடையது ஓர் இரவில் முடிந்தது, அவர்களுடையது பனிக்காற்று உள்ளே வருவதற்குள் முடிய வேண்டும்.

கூரைக்கு நான்கு நாட்கள் போயின. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வேலிக்கு ஐஸ்கிறீம் குச்சிகளைப் பிளந்து, மூன்றங்குலப் பலகைக்கு ஈடாக எட்டில் ஒரு பங்கு அங்குல அகலத்தில் 120 சட்டங்கள் சீவினேன். நாற்பதாவது சட்டத்தில் கிங்கின் மேல் எனக்குக் கோபம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். கனமான களிமண் நிலத்தில் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடித்து, அதன் பிறகே முதல் விளைச்சலைக் காணக்கூடிய ஒருவரிடம் பூந்தோட்டமும் கேட்பது அதிகாரத் தோரணையாகவே எனக்குப் பட்டது. ஆனால் வேலியைப் பொருத்திவிட்டுப் பலகையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இந்தக் குடியேற்றமே வரக்கூடாது என்று எட்வின் லார்வில் என்ற அரசியல்வாதியின் தலைமையில் சற்றத்தில் கூட்டம் கூட்டி எதிர்த்தவர்கள் அந்தச் சாலையால் போய்வரும் அயலவர்கள்தான். அவர்கள் கண்ணில் முதலில் படுவது வீடல்ல, வேலியும் பூவும். அழகாகப் பேணப்பட்ட வீட்டுக்குப் பரிசும் கொடுத்தார்கள். கோபம் முழுவதும் தணியவில்லை, பாதிதான் தணிந்தது. எதிர்த்த வெள்ளையர்களிற் சிலரின் பிள்ளைகளே பின்னர் இந்த ஊர்ப் பள்ளி நன்றாக இருக்கிறதென்று தேடி வந்து படித்தார்கள் என்பதைச் சேர்த்து நினைத்தால் இன்னும் சற்றுத் தணிகிறது.

முற்றத்துக் கொடியில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுவதாக இருந்தேன். தப்பி வருவோருக்குப் போர்வையின் கோலங்கள் வழிகாட்டின என்ற கதை அழகானதுதான். ஆனால் அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதால் விட்டுவிட்டேன். இந்த ஊருக்கென்று உறுதியான அடையாளம் வேறு இருக்கிறது: பிற்ஸ்பேர்க் நகரக் கறுப்பின மக்கள் 1850இல் அனுப்பிய வெண்கல மணி. விடுதலை தேடி ஒருவர் வந்து சேரும்போதெல்லாம் அது அடிக்கப்பட்டதாக ஊரார் சொல்லி வருகிறார்கள். மணி வீட்டுக்குரியதல்ல என்பதால் என் பலகையில் அதற்கு இடமில்லை.

நான் போனது தொழிலாளர் தின விடுமுறையில். 1924 முதல் அந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவின் பிற ஊர்களிலிருந்தும் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் வந்து கூடுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு பலர் அங்கே திரும்பிப் போய்விட்டபோதும் சில குடும்பங்கள் இன்றுவரை அதே மண்ணில் பயிரிடுகின்றன. அருங்காட்சியக வளவில் 1861ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடமும் மரத்தண்டு வீடொன்றும் நிற்கின்றன. அந்த வீட்டின் மூலையில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரே தண்டின் முகத்தைக்கூட அது மூடவில்லை. என் சுவரில் தண்டுகள் மெலிந்து போயிருப்பது அந்த நினைவால்தான் இப்போது உறுத்துகிறது. அடுத்த செப்ரெம்பரில் அளவுநாடாவோடு போய், சரியான தடிப்பைக் குறித்துக்கொண்டு வந்து, முன்சுவரை மட்டும் திரும்பக் கட்டுவேன். அதுவரை படலைக்குக் கீல் போடும் வேலை இருக்கிறது. இப்போதைக்கு அதை நூலால் கட்டி வைத்திருக்கிறேன், சாலைப் பக்கமாகத் திறக்கிறது.